போனின் ஒற்றைத் துளை: தோள்பைக்குள் அடங்கும் ஸ்டூடியோ

1982 ஜனவரி. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊர். வாடகை வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கிட்டாரும் கையுமாகச் சில பாட்டுகளைப் பதிவு செய்தார். அப்போதே அவர் பெரிய நட்சத்திரம். ஸ்டூடியோவுக்கோ வாத்தியக்காரர்களுக்கோ பஞ்சமில்லை. இந்தப் பதிவு வெறும் மாதிரிக்குத்தான், பிறகு குழுவோடு சேர்ந்து முறையாகச் செய்துகொள்ளலாம் என்பது எண்ணம். முறையாகவும் செய்து பார்த்தார்கள். படுக்கையறையில் வந்தது ஸ்டூடியோவில் வரவில்லை. கடைசியில், உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பைக்குள் வாரக்கணக்கில் சுமந்து திரிந்த அந்த கேசட்டிலிருந்தே ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது.

அந்த அறையில் இருந்தவை ஷூர் எஸ்எம்57 மைக் இரண்டும், டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற பெட்டி ஒன்றும். 1979-இல் சந்தைக்கு வந்த அந்தப் பெட்டி, கடையில் விற்கும் சாதாரண ஆடியோ கேசட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, நான்கு ட்ராக்குகளை, அதாவது நான்கு ஒலி அடுக்குகளை, தனித்தனியாகப் பதிவு செய்யும். முதலில் குரலும் கிட்டாரும், அதைக் கேட்டுக்கொண்டே மேலே இன்னொரு குரல், அப்புறம் ஒரு ஹார்மோனிகா. அடுக்கி அடுக்கிப் பாட்டைக் கட்டும் அந்த வித்தை அதுவரை பெரிய ரீல் டேப் இயந்திரங்களுக்குச் சொந்தமாக இருந்தது.

இன்று அந்தப் பெட்டி போனுக்குள் போய்விட்டது. ‘உங்கள் பாக்கெட்டில் ஒரு ஸ்டூடியோ’ என்று விளம்பரங்களும் சொல்கின்றன. பாதி உண்மைதான். பெட்டி உள்ளே போனது சரி, மைக்கும் அறையும் போகவில்லை. வெளியில் இருக்கும் ஒலி போனுக்குள் எந்த வழியாக நுழைவது என்பதுதான் பதினைந்து வருடமாக ஓடுகிற தகராறு. என்னைக் கேட்டால், கையடக்க ஸ்டூடியோவின் வரலாறு என்பது போனில் இருக்கும் ஒரு துளையின் வரலாறு.

2010-இல் முதல் ஐபேட் வந்தபோது அதில் கம்பி வழியே ஒலி நுழைய இருந்த எளிய வழி ஹெட்போன் துளை. இத்தாலியின் ஐகே மல்டிமீடியா நிறுவனம் அதே ஆண்டு ஐரிக் என்ற சின்னக் கருவியைக் கொண்டுவந்தது. கிட்டார் கேபிளை ஒரு முனையில் செருகி, மறுமுனையை ஹெட்போன் துளையில் மாட்ட வேண்டும். போனில் பேசுவதற்கென்று ஹெட்செட் மைக்குக்கு ஒதுக்கியிருந்த ஒற்றை இழையில் கிட்டார் ஒலியை ஏற்றிவிடுகிற தந்திரம் அது. ஒரே துளையில் ஒலி உள்ளேயும் போனது, வெளியேயும் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் அந்த இழைகளில் வெளியே வருவது உள்ளே போவதில் கசியும். ஒலியைக் கூட்டினால் ஊளையிடும். ஆனாலும் வேலை நடந்தது. கலிபோர்னியாவின் காம்ப்டனில் ஸ்டீவ் லேசி என்ற பையன் இதே ஐரிக்கில் கிட்டாரை மாட்டி, ஐபோனில் இருந்த கராஜ்பேண்ட் என்ற பதிவுச் செயலியில் பாட்டுகளைக் கட்டினார். டிரம்ஸ் முழுக்கக் கண்ணாடித் திரையில் விரல் தட்டு. குரலுக்குப் போனின் சொந்த மைக். 2017-இல் ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் ‘டேம்’ ஆல்பத்தில் ‘பிரைடு’ என்ற பாட்டின் அடித்தளம் அவர் கைவேலை. அடுத்த வருடம் அந்த ஆல்பத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்லி ‘கருவி முக்கியமில்லை, திறமைதான் முக்கியம்’ என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. லேசி வாசித்தது எலக்ட்ரிக் கிட்டார். அது கம்பி வழியே நேராக உள்ளே போகும், காற்றில் பயணிக்காது, அறை எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. வயலினையோ மிருதங்கத்தையோ ஒரு பாட்டியின் குரலையோ பதிவு செய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது.

துளைக்கு வருவோம். ஐபேடில் கேமராவிலிருந்து படங்களை ஏற்ற ஆப்பிள் ஒரு இணைப்பான் விற்றது. அதில் ஒரு யுஎஸ்பி வாய் இருந்தது. யாரோ அதில் யுஎஸ்பி மைக்கை மாட்டிப் பார்த்தார்கள், வேலை செய்தது. கீபோர்டை மாட்டினார்கள், அதுவும் வேலை செய்தது. யுஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கென்று ஒரு பொது விதி இருக்கிறது. அந்த விதிப்படி பேசும் கருவிக்குத் தனி டிரைவர் மென்பொருள் தேவையில்லை, மாட்டினால் ஓடும். படம் ஏற்ற வந்த கம்பி இப்படித்தான் பாட்டுக்காரர்களின் கம்பி ஆனது. அந்தச் சந்தோஷம் நெடுநாள் நீடிக்கவில்லை. 2010 நவம்பரில் வந்த ஐஓஎஸ் 4.2 என்ற ஆப்பிள் இயங்குதளம், அந்த வாய் வழியாகக் கொடுக்கும் மின்சாரத்தை 100 மில்லி ஆம்பியரிலிருந்து 20-க்குக் குறைத்துவிட்டது. நேற்று வரை ஓடிய மைக்குகள் ‘அதிக மின்சாரம் தேவை’ என்ற அறிவிப்போடு படுத்துக்கொண்டன. நடுவில் மின்சாரம் ஊட்டும் யுஎஸ்பி ஹப் ஒன்றைச் செருகி ஆட்கள் சமாளித்தார்கள். கையடக்க ஸ்டூடியோ சுவர் பிளக்கைத் தேடிப் போனது.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2012-இல் லைட்னிங் துளை வந்தது. 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையையே அடைத்துவிட்டது. அதே வருடம் சார்ஜ் ஏற்றிக்கொண்டே யுஎஸ்பி கருவியை ஓட்ட ஒரு புது இணைப்பானும் வந்தது, பெயரென்னவோ இப்போதும் கேமரா இணைப்பான்தான். 2018-இல் ஐபேட் புரோ யுஎஸ்பி-சிக்கு மாறியது. 2023-இல் ஐபோன் 15-உம் மாறியது. போன் முதலான கருவிகளுக்கு ஒரே வகைச் சார்ஜர் துளை வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டதும் இதற்குப் பின்னணி. இசைக்காரர்களை நினைத்து யாரும் அந்தச் சட்டத்தைப் போடவில்லை. ஆனால் ஒரே கேபிளால் ஆண்ட்ராய்டு போன், ஐபோன், ஐபேட், லேப்டாப் எல்லாவற்றிலும் ஒரே சவுண்டு கார்டை (மைக் ஒலியை எண்ணாக்கிப் போனுக்குக் கொடுக்கும் பெட்டி) மாட்ட முடிகிறதே, இந்தத் துறையில் பத்து வருடத்தில் நடந்த பெரிய நல்லது அதுதான் என்பேன்.

செயலிகளைப் பற்றி இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. 2011 மார்ச்சில் ஐபேடுக்கு வந்த கராஜ்பேண்டில் 8 ட்ராக்குகள் இருந்தன, போர்ட்டாஸ்டூடியோவின் இரண்டு மடங்கு. விலை 5 டாலருக்குள். இப்போது 32 ட்ராக்குகள், 2017 முதல் எல்லோருக்கும் இலவசம். கியூபேசிஸ், எஃப்எல் ஸ்டூடியோ மொபைல், ஐபேடுக்கான லாஜிக் புரோ, ஆப்பிளிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும் பேண்ட்லேப் என்று பட்டியல் நீளும். எதை எடுத்தாலும் பாட்டு செய்யலாம். எந்தச் செயலி நல்லது என்று கேட்பவர்களிடம், கையில் இருப்பதில் மூன்று பாட்டை முடித்துவிட்டு வந்து கேளுங்கள் என்பேன். கராஜ்பேண்ட் வருவதற்கு முன்பே, 2010-இன் கடைசியில், கொரில்லாஸ் குழுவின் டேமன் ஆல்பர்ன் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டே பெரும்பகுதியை ஐபேடிலேயே செய்து ஒரு முழு ஆல்பத்தை முடித்துவிட்டார். ஆக, கருவியின் கணக்குப் போடும் திறன் அன்றே போதுமானதாக இருந்தது. போதாமல் இருந்தது வாசலும் நேரமும்.

நேரம் என்றால் தாமதம். நீங்கள் பாடிய ஒலி மைக்கில் நுழைந்து, எண்ணாக மாறி, செயலிக்குள் போய், மறுபடி ஒலியாகி உங்கள் காதில் விழ ஆகும் நேரம். இதைப் புரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும் சேர்த்து.

போன் ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாள்வதில்லை. நெல் அளப்பதுபோலப் படியில் நிரப்பிக் கொட்டுகிறது. 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 48,000 நெல்மணிகள். பஃபரை, அதாவது அந்தப் படியின் அளவை, 128 என்று வைத்தால் ஒரு படிக்கு 128 மணி, அது நிரம்ப 2.7 மில்லி விநாடி ஆகும். உள்ளே வரும் வழியில் ஒரு படி, வெளியே போகும் வழியில் ஒரு படி, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சில்லுகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. எல்லாம் சேர்ந்து நல்ல சவுண்டு கார்டோடு ஐபோனிலோ ஐபேடிலோ 10 மில்லி விநாடியை ஒட்டி வந்து நிற்கும். படியைப் பெரிதாக்கினால் தாமதம் கூடும். சிறிதாக்கினால் போன் ஓயாமல் அளந்து கொட்ட வேண்டும். ஒரு படியைக் கொட்டத் தவறினாலும் பதிவில் ‘டிக்’ என்று ஒரு கீறல் விழும். மாசி மகத்துக்குப் பிறகு நம் ஊர் வெயிலில் போன் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்போது இந்த டிக் அடிக்கடி கேட்கும்.

10 மில்லி விநாடி பெரிதா? ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மீட்டருக்கு 3 மில்லி விநாடி. கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் பாடகரிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தாலே நாலு மில்லி விநாடி தாமதத்தில்தான் கேட்கிறார். 10 என்பது மேடையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தது போல. பழகிக்கொள்ளலாம். ஆனால் ப்ளூடூத் ஹெட்போனில் தாமதம் சாதாரணமாக 150, 200 என்று போகும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் சதுஸ்ர நடையில், அதாவது அடிக்கு நாலு சொல்லாக, ‘தகதிமி’ சொன்னால் ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் இடம் 125 மில்லி விநாடி. ப்ளூடூத்தில் ‘த’ காதில் விழும்போது வாய் ‘க’வுக்குப் போயிருக்கும். தாளம் நிற்காது. படம் பார்க்கும்போது இது தெரிவதில்லை, ஏனென்றால் செயலி படத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்திவிடும். பாடுகிறவரின் வாயை அப்படித் தாமதப்படுத்த முடியாதே. அதனால் பதிவுக்குக் கம்பி ஹெட்போன்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயர்பட்ஸாக இருந்தாலும் அதைப் பையின் வேறு அறையில் போட்டுவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் இந்தத் தாமதம் ரொம்ப நாள் அவமானமாகவே இருந்தது. ஒலி செயலியிலிருந்து கிளம்பி, பல செயலிகளின் ஒலியையும் கலக்கும் ஒரு அடுக்கு, போன் நிறுவனம் தன் பங்குக்குச் செருகிய ‘மெருகூட்டல்’ அடுக்கு எல்லாம் தாண்டித்தான் வெளியே வரும். 100 மில்லி விநாடிக்கு மேல் ஆவது அன்றைக்குச் சாதாரணம். 2017-இல் ஆண்ட்ராய்டு 8-இல் ஏஆடியோ என்ற குறுக்கு வழியை கூகுள் திறந்தது. தொழில்முறை ஒலிக்கு ஏற்ற போன் என்று ஒரு கருவி தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் போய்வரும் தாமதம் 20, 25 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் உண்டு. சில போன்கள் அதைத் தொடுகின்றன, பல தொடுவதில்லை, விலையை வைத்து ஊகிக்கவும் முடியாது. ஆடியோ எவல்யூஷன் மொபைல் போன்ற செயலிகள் ஆண்ட்ராய்டின் ஒலிப் பாதையையே ஒதுக்கிவிட்டு, யுஎஸ்பி சவுண்டு கார்டோடு தாங்களே நேராகப் பேசுகின்றன. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த வழியைத்தான்.

இன்னொரு சுலபமான வழி, பாதித் தாமதக் கவலையை ஒரே அடியில் போக்கிவிடும். சவுண்டு கார்டில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மைக் ஒலியைப் போனுக்கு அனுப்பும்போதே அதன் ஒரு கிளையை நேராக ஹெட்போனுக்கும் கொடுத்துவிடும். போன் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் உங்கள் குரல் உங்களுக்கு உடனே கேட்கும். குரலில் எக்கோ கலந்து கேட்க முடியாது, அவ்வளவுதான் நஷ்டம்.

மின்சாரத்துக்கு வருகிறேன். மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக்குக்கு, கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது பேண்டம் பவர் வேண்டும். அதைச் சவுண்டு கார்டு கொடுக்கும், சவுண்டு கார்டுக்குப் போன் கொடுக்க வேண்டும், போனின் பேட்டரியோ ஒன்றுதான். அதே துளையில்தான் சார்ஜரும் மாட்ட வேண்டும். சார்ஜ் ஏற்றிக்கொண்டே யுஎஸ்பி கருவியையும் ஓட்டுகிற ஹப் ஒன்று, அல்லது மின்சாரத்துக்கென்று தனித் துளை வைத்த சவுண்டு கார்டு, இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மூன்றாவது பாட்டில் போன் மூச்சை விட்டுவிடும். மலிவான சார்ஜரைச் சுவரில் மாட்டினால் ‘ங்’ என்று ஒரு ரீங்காரம் பதிவில் ஏறும். பவர் பேங்கில் அது வராது, ஏனென்றால் சுவரோடு தொடர்பே இல்லை. நான் மலிவு என்று வாங்கிய முதல் சவுண்டு கார்டில் அந்த ரீங்காரம் பவர் பேங்கிலும் வந்தது. மூன்று வாரம் கேபிள் கேபிளாக மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் அதை என் மச்சான் மகனுக்கு விளையாடக் கொடுத்தேன். அவன் அதில் ‘பேய் வாய்ஸ்’ பதிவு செய்கிறான். ரீங்காரம் அவனுக்குப் பிடித்திருக்கிறது.

பதிவுக்கு முன் போனை ஃபிளைட் மோடில் போடுவது அழைப்பு வந்து டேக் (ஒரு மூச்சில் பதிவு செய்யும் துண்டு) கெடாமல் இருக்க மட்டுமல்ல. பழைய 2ஜி அலைவரிசையில் போன் விநாடிக்கு 217 முறை துடித்துத் துடித்து அலை அனுப்பும். பக்கத்தில் இருக்கும் மைக் கேபிள் அதைப் பிடித்து ‘டட்டட்டட்’ என்று ஒலிக்கும். முன்பெல்லாம் ரேடியோ பக்கத்தில் போன் வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்பே அது கரகரக்குமே, அதே சங்கதி. சிக்னல் குறைந்த கிராமங்களில் போன் 2ஜிக்கு இறங்கும்போது இன்றும் கேட்கலாம்.

இதுவரை சொன்ன துளை, தாமதம், மின்சாரம் எல்லாம் காசாலும் கவனத்தாலும் தீரும். அறை தீராது.

நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை என்பது ஏறக்குறைய ஒரு தேசிய அளவு. சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, மேலே கான்கிரீட். நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டிப் பாருங்கள், ‘டிங்’ என்று ஒரு உலோக வால் கேட்கும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாக எறிந்து விளையாடுவது அது. இதைவிட மோசம் கீழ் சுரத்தில் இருக்கிறது. பத்தடி என்பது சுமார் 3 மீட்டர். அந்த இடைவெளியில் 56 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸும் மாட்டிக்கொண்டு நின்று முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் முழக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். உயரமும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம். ஆண் குரல் கீழே இறங்கும் இடம் கிட்டத்தட்ட இந்த 112-தான். ‘என் குரல் மட்டும் பானைக்குள் பேசுவது போல இருக்கிறதே, மைக்கை மாற்றலாமா’ என்று கேட்கிறவர்கள் மாற்ற வேண்டியது அறையை. நீள்சதுர ஹாலுக்குப் போனாலே பாதி சரியாகிவிடும்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் ஒன்றும் ஆகாது. அது உச்ச ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், முழக்கத்தைத் தொடக்கூட முடியாது. மெல்லிய பவானி ஜமக்காளம் ‘டிங்’கைக் குறைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. கனமான பொருள் வேண்டும். என் அனுபவத்தில் இலவம்பஞ்சு மெத்தைக்கு ஈடில்லை. அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் நிறுத்துவார்கள். கார்டியாய்டு மைக்குக்கு முன்பக்கம்தான் காது. அதன் முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் அது கேட்கும். மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினாலும் போதும்.

மைக்கிலும் இதே கணக்கு. வாய்க்கும் மைக்குக்கும் தூரம் இரட்டித்தால் உங்கள் குரல் 6 டெசிபல் இறங்கும், அறையின் ஒலி அநேகமாக அப்படியே இருக்கும். ஆக, கிட்டப் போவதுதான் உலகத்திலேயே மலிவான ஒலித்தடுப்பு. எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் இரைச்சலைத் தள்ளிவிடும் என்பார்கள். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. அதற்கு உணர்வு குறைவு, அதனால் நாம் வாயை ஒட்டி வைத்துப் பாடுகிறோம், அதனால் அறை குறைகிறது. தெருவை ஒட்டிய வீட்டில் இருப்பவர் கண்டென்சருக்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் கட்சி. பறையோ தவிலோ பதிவு செய்கிறவர்களுக்கும் டைனமிக்தான். போனின் சொந்த மைக்கை அவற்றின் பக்கத்தில் கொண்டுபோனால் முதல் அடியிலேயே ஒலி முட்டி உடைந்துவிடும், உடைந்த ஒலியை எந்தச் செயலியாலும் ஒட்ட முடியாது. கெய்னை, அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை, ஆகச் சத்தமான இடத்தில் -12 டெசிபலைத் (0 தான் உச்ச எல்லை) தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் அப்புறம் ஏற்றிக்கொள்ளத் தாராளமாக இடமிருக்கும்.

போன் மைக்கைப் பற்றிச் சொன்னேன். அதில் உடையும் ஒலியைவிடப் பெரிய பிரச்சினை அதன் புத்திசாலித்தனம். போனின் மைக் பேச்சுக்காக வடிவமைத்தது. மாறிக்கொண்டே இருப்பது பேச்சு, மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது இரைச்சல் என்று அது நம்புகிறது. ஃபேனை அழிக்க அந்த நம்பிக்கை உதவும். ஆனால் நம் இசையின் அடித்தளமே மாறாமல் ஒரே சீராக ஒலிக்கும் சுருதி. 2020 ஊரடங்கில் என் அக்கா மகள் வீடியோ அழைப்பில் பாட்டு கற்றுக்கொண்டபோது, தம்புராச் செயலியைப் பக்கத்தில் வைத்தால் டீச்சருக்கு முதல் இரண்டு விநாடிக்குத்தான் கேட்கும். அப்புறம் போன் அதை ஃபேன் என்று முடிவு கட்டிவிடும். ‘சுருதிய நிறுத்தாதம்மா’ என்று அவர் சொல்வார், ‘நிறுத்தல மிஸ்’ என்று இவள் சொல்வாள். அசல் ஒலியை அப்படியே அனுப்பு என்று ஒரு அமைப்பு அந்தச் செயலியின் உள்ளே எங்கோ இருந்ததைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. பதிவுச் செயலிகள் பெரும்பாலும் இந்தச் சுத்திகரிப்பைத் தவிர்க்கின்றன. போனோடு வரும் சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரில் மட்டும் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டுப் பாடுங்கள்.

கம்பியும் மெத்தையுமாகவே பேசிக்கொண்டிருக்கிறேன். திரை கொடுத்த ஒரு வரத்தையும் சொல்ல வேண்டும். கீபோர்டு வந்த காலத்திலிருந்து நம் இசைக்கு அதோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் கமகம் வாழ்கிறது, அந்த இடம் கீபோர்டில் கிடையாது. கண்ணாடித் திரையில் கட்டையே இல்லை. விரலை வழுக்கினால் சுரம் வழுக்கும். ஜியோஷ்ரெட் என்ற ஐபேட் செயலி இதைப் பிடித்துக்கொண்டது. அதிர்கிற கம்பியின் இயற்பியலைக் கணக்காகப் போட்டு ஒலி எழுப்பும் அந்த முறைக்கு வேர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள். மகேஷ் ராகவன் அதில் கர்நாடக ராகங்களை வாசிப்பதைக் கேட்டவர்கள், ஐபேட் என்று சொன்னால்தான் நம்புவார்கள். மைக்கே தேவையில்லாத, அறையே தேவையில்லாத ஒரு கர்நாடக வாத்தியம் தோள்பைக்குள் அடங்குகிறது. மாறாக, பாடிய குரலின் சுருதியைத் திருத்தும் கருவிகளை நம் பாட்டில் கை வைக்க விடாதீர்கள். கமகத்தைத் தப்பு என்று நினைத்து அவை இஸ்திரி போட்டுவிடும்.

சரி, என் பையில் என்னதான் இருக்கிறது? இரண்டு உள்ளீடு வைத்த யுஎஸ்பி-சி சவுண்டு கார்டு, டைனமிக் மைக் ஒன்று, மடக்கும் ஸ்டாண்டு, காதை மூடும் கம்பி ஹெட்போன், ஹப், பவர் பேங்க், எல்லா கேபிளிலும் ஒன்று கூடுதலாக. காதை மூடாத ஹெட்போன் என்றால் தாளம் தட்டும் மெட்ரோனோமின் கிளிக் கசிந்து மைக்கில் ஏறிவிடும். எல்லாம் சேர்த்து அரிசி இரண்டு கிலோ எடைதான் இருக்கும். மெத்தையைப் போகிற வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்வேன். இதைவிடக் குறைக்க முடியுமா என்றால் முடியும். ஸ்டாண்டை விட்டுவிட்டு நாற்காலி முதுகில் மைக்கைக் கட்டியிருக்கிறேன். ஹெட்போனை விட்டுவிட்டுப் போய் ஒரு முழு நாள் பதிவைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

இந்தக் குட்டி ஏற்பாடு உண்மையில் என்ன தருகிறது என்று யோசித்தால், ஒலித்தரம் என்று சொல்லமாட்டேன். நல்ல ஸ்டூடியோ இன்னமும் நல்ல ஸ்டூடியோதான். கிடைப்பது கடிகாரம் இல்லாத நேரம். ஸ்டூடியோ என்றால் மணிக்கணக்கு, வாத்தியக்காரர்கள் என்றால் கால்ஷீட். 1989-இல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவைக் கட்டியதில் அவர் வாங்கிய இயந்திரங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். நடுராத்திரி மூன்று மணிக்கு ஒரு ஒலியைப் பத்தாவது முறை மாற்றிப் பார்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதும் அந்தக் கட்டடத்துக்குள் இருந்ததுதான். ஸ்பிரிங்ஸ்டீனின் படுக்கையறையிலும் அதுவே இருந்திருக்கும்.

போன வருடம் தேனிப் பக்கம் பெரியம்மா வீட்டுக்கு இந்தப் பையோடு போனேன். அவருக்குத் தெரிந்த தாலாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று பல நாளாக ஆசை. மைக்கைப் பார்த்ததும் அவர் குரல் மேடைக் குரலாக மாறிவிட்டது. ஸ்டாண்டை மடக்கி, மைக்கைத் தலையணை மேல் சாய்த்து, ஹெட்போனை நான் மட்டும் மாட்டிக்கொண்டு, பதிவை ஓடவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். ஃபேனை நிறுத்தியதால் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுச் சேவல் இரண்டு டேக்கில் பாடியது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு 800 எம்பிக்குப் பக்கம் வந்தது. அன்றைக்கே பவர் பேங்க் பக்கத்தில் ஒரு பென்டிரைவையும் ஹப்பில் செருகி நகல் எடுத்துக்கொண்டேன்.

மிக்ஸிங் செய்யும் நண்பருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினேன், இல்லாவிட்டால் சுருக்கிவிடும். அவர் சேவலை ஒரு டேக்கில் அழித்தார், இன்னொன்றில் விட்டுவிட்டார். போன் ஸ்பீக்கரிலும் கேட்டேன், காரிலும் கேட்டேன், ஆட்டோவில் ஒரு முறையும் கேட்டேன். அப்புறம் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். முடிந்ததும், ‘ஏய்யா, நடுவுல ஒரு அடிய விட்டுட்டேனே, இது போச்சு, திரும்பப் பாடணும்’ என்றார். பொங்கலுக்குப் போகிறேன்.